போட்ட உரம் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரம் என்று பேச்செடுத்தாலே ஒரு பக்கம் "எல்லாம் விஷம்" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "அது இல்லாவிட்டால் பட்டினி" என்கிறார்கள். நடுவில் நிற்பவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். தழைச்சத்து என்றால் நைட்ரஜன், மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ், சாம்பல் சத்து என்றால் பொட்டாசியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிருக்குத்தானே உரம் போடுறோம், இதுல சுற்றுச்சூழல் எங்கே கெடுது?

போடுவதெல்லாம் பயிருக்குப் போவதில்லை. உலக அளவில் பார்த்தால், வயலில் இடும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் அறுவடையில் திரும்பி வருகிறது. மீதியில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றில் கலக்கிறது, ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வானத்துக்குப் போகிறது, கொஞ்சம் மண்ணிலேயே தங்குகிறது.

இது வயலில் நடப்பது. மூட்டை வயலுக்கு வருவதற்கு முன்பே ஆலையில் எரிவாயுவோ நிலக்கரியோ செலவாகியிருக்கும். ஆக, வீணாகும் ஒவ்வொரு கிலோவும் இரண்டு முறை கெடுதல் செய்கிறது, செய்யும்போது ஒரு முறை, தொலையும்போது ஒரு முறை. கீழே வரும் பல பதில்கள் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

காத்துலயே நைட்ரஜன் கொட்டிக் கிடக்கு. அதை எடுக்க எதுக்கு இவ்வளவு எரிவாயு?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிப் போயிருக்கின்றன. பயிரால் அதைத் தொடக்கூட முடியாது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குப் பெரிதாக்க, 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்றும் அதே வழிதான்: இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி வெப்பம், வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம்.

இந்த வெப்பமும் அழுத்தமும்தான் எரிவாயுவை விழுங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் விழுங்குவது ஹைட்ரஜன் தயாரிப்பு. இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரிய வைத்து ஹைட்ரஜனைப் பிரிக்கும்போது, அதிலிருந்த கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. எரிவாயுவில் ஒரு டன் அமோனியா செய்தால் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாக அது வரும். நிலக்கரியில் செய்தால் மூன்று டன்னையும் தாண்டும். உலகம் ஆண்டுக்கு 18 கோடி டன்னுக்கு மேல் அமோனியா தயாரிக்கிறது, அதில் சுமார் 70 சதவீதம் உரத்துக்கு.

அந்த கார்பன் டை ஆக்சைடைத்தான் யூரியா செய்யப் பயன்படுத்திடுறாங்களே?

ஆமாம், அமோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தால்தான் யூரியா. ஒரு டன் யூரியாவுக்குள் 0.73 டன் கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கிறது. ஆனால் அடைபட்டிருப்பது மூட்டை பிரிக்கப்படும் வரைதான். மண்ணில் விழுந்த சில நாட்களில் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்துவிடும், வாயு வெளியே வந்துவிடும். ஆலைக் கணக்கிலிருந்து வயல் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான்.

சரி, தப்பு அதிகமா ஆலையிலயா, வயல்லயா?

வயலில். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, ரசாயன உரமும் கால்நடை எருவும் சேர்ந்து வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் மூன்றில் இரண்டு பங்கு, உரம் வயலுக்குப் போன பிறகு வருகிறது.

காரணம் நைட்ரஸ் ஆக்சைடு. மண் நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை (உரத்திலுள்ள அமோனியா மண்ணில் எடுக்கும் வடிவம்) நைட்ரேட்டாக மாற்றும்போதும், தண்ணீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணில் நைட்ரேட்டைத் திரும்ப வாயுவாக்கும்போதும் இது கசிகிறது. இட்ட தழைச்சத்தில் சுமார் 1 சதவீதம்தான் இப்படிப் போகிறது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். காற்றில் நூறாண்டுக்கு மேல் நிற்கும், போதாக்குறைக்கு ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

ஆலையிலும் இந்த வாயு வருவதுண்டு, நைட்ரேட் உரங்களுக்கான நைட்ரிக் அமிலம் செய்யும் இடத்தில். அங்கே தகுந்த வினையூக்கி பொருத்தினால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்துவிடலாம். இத்துறையில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பலன் வேறு இல்லை, அதனால் இன்னும் பொருத்தாமல் இருக்கும் ஆலைகளுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை என்பது என் கருத்து.

அப்படின்னா ரசாயன உரத்தையே நிறுத்திட்டா முடிஞ்சுதே?

இன்று உலகில் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு, ஹேபர்-போஷ் முறையில் வந்த தழைச்சத்தை நம்பியிருக்கிறது. அதை ஒரே நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் இலங்கை சாட்சி. ஏப்ரல் இறுதியில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது.

இதைக் காட்டி "இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே தோற்றது அவசரம். மாற்றுத் தழைச்சத்து எங்கிருந்து வரும், எத்தனை டன் வேண்டும் என்ற கணக்கே போடாமல் இறங்கினால் எந்த முறையும் தோற்கும்.

தொழு உரம் போட்டா மாசே வராதுல்ல?

வரும். மண் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா என்ற பேதம் கிடையாது. எருவிலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு வரும், நைட்ரேட் இறங்கும். காற்றில்லாமல் குவித்து வைத்தால் மீத்தேனும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு சிக்கல் பற்றி அதிகம் பேசுவதில்லை. பயிருக்கு வேண்டிய விகிதத்தோடு ஒப்பிட்டால் எருவில் தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம். தழைச்சத்துத் தேவையை முழுக்க எருவாலேயே நிரப்பினால் ஆண்டுக்கு ஆண்டு மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நீர்நிலைக்கு ஓடும். கால்நடைப் பண்ணைகள் நெருங்கியிருக்கும் பகுதிகளில் இது பெரிய தலைவலி.

இதற்காகத் தொழு உரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மண்ணில் கரிமத்தைச் சேர்க்கும், ஈரத்தைப் பிடிக்கும், நுண்ணூட்டங்களையும் தரும். இந்த வேலையை யூரியா செய்யாது. எருவை அடியுரமாக இட்டு, பற்றாத தழைச்சத்தை மட்டும் மேலுரமாகக் கொடுப்பதே பெரும்பாலான நிலங்களுக்கு ஒத்துவரும்.

பசுமை அமோனியான்னு சொல்றாங்களே, புதுசா என்ன?

ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து எடுக்காமல், காற்றாலை, சூரிய ஒளி, நீர்மின்சாரம் இவற்றைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் வேறுபாடு. அதற்குப் பிறகு பழைய ஹேபர்-போஷ் வழிதான். யோசனையும் புதிதல்ல. 1920-களின் இறுதியிலேயே நார்வேயின் ரியூக்கானில் நீர்மின்சாரத்தால் ஹைட்ரஜன் பிரித்து அமோனியா செய்தார்கள். பிற்பாடு எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் அந்த வழி ஓரம்கட்டப்பட்டது.

தடை மின்சாரத்தில்தான். ஒரு டன் அமோனியாவுக்குச் சுமார் 10,000 யூனிட் வேண்டும். உலகின் அமோனியா மொத்தத்தையும் இப்படியே செய்வதென்றால், இப்போது உலகில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் இதற்கே போய்விடும். அதுவும் தூய மின்சாரமாக இருக்க வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் எரிவாயு வழியைவிட மோசமாகிவிடும்.

நீல அமோனியா?

எரிவாயுவில்தான் செய்வார்கள், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்தடியில் புதைப்பார்கள். ஹைட்ரஜனைப் பிரிக்கும் இடத்தில் வரும் வாயு கிட்டத்தட்டத் தூய்மையாக இருப்பதால் பிடிப்பது எளிது. உலையைச் சூடாக்க எரிப்பதிலிருந்து வரும் புகையில் அது நீர்த்துப் போயிருக்கும், பிடிக்கச் செலவு அதிகம். எனவே "பிடிக்கிறோம்" என்று ஓர் ஆலை சொன்னால், இரண்டில் எதை என்று கேளுங்கள். எரிவாயுக் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேனையும் கணக்கில் சேர்த்தார்களா என்பது அடுத்த கேள்வி.

பசுமை அமோனியாவிலிருந்து பசுமை யூரியா செஞ்சுடலாமே?

கேட்பவர்கள் குறைவுதான், ஆனால் நல்ல கேள்வி. மேலே பார்த்தோம், யூரியாவுக்கு டன்னுக்கு 0.73 டன் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைக்கும். தண்ணீரைப் பிரிக்கும் ஆலையில் கார்பனே கிடையாது. சாண எரிவாயு, எத்தனால் நொதித்தல் போன்ற இடங்களிலிருந்து வரும் வாயுவைக் கொண்டுவந்தால் சரி. இன்னோர் ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் புதைபடிவ கார்பனைக் கொண்டுவந்தால் அது எப்படியும் வயலில் வெளியேறிவிடும்.

மாற்று வழி, யூரியாவை விட்டுவிட்டு அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் மாதிரி கார்பன் இல்லாத உரங்களுக்குப் போவது. அதிலும் ஒன்று உண்டு: நைட்ரேட் உரம் தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்குப் பொருந்தாது, வாயுவாகப் பறந்துவிடும். அம்மோனியம் நைட்ரேட்டைக் கவனமில்லாமல் சேமித்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்தபோது உலகமே பார்த்தது.

உரத்தைக் குறைச்சா விளைச்சல் படுத்துடாதா?

எங்கே நின்றுகொண்டு குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் சில கிலோ தழைச்சத்துக்கு விளைச்சல் கிடுகிடுவென ஏறும். பிறகு ஏற்றம் தணிந்து தட்டையாகும். அதற்கு மேல் போட்டால் பயிர் சாயும், பூச்சி வரும், மணி கூடாது. தட்டையான பகுதியில் நிற்பவர் குறைத்தால் நஷ்டமில்லை. ஏற்கெனவே குறைவாக இடுபவர் குறைத்தால் நிச்சயம் நஷ்டம், அவர் உண்மையில் கூட்ட வேண்டியவர். "எல்லாரும் 20 சதவீதம் குறையுங்கள்" போன்ற பொது அறிவுரைகள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

சீனாவில் 2005 முதல் 2015 வரை நடந்த ஒரு பெரிய முயற்சியில் சுமார் 2.1 கோடி சிறு விவசாயிகள் அந்தந்த நிலத்துக்கான பரிந்துரைகளைப் பின்பற்றினார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் தழைச்சத்துப் பயன்பாடு 15 முதல் 18 சதவீதம் குறைந்தது, விளைச்சலோ 11 சதவீதம் அளவுக்குக் கூடியது. உரத்தை மட்டும் குறைத்து வந்த பலன் இல்லை இது. ரகம், நடவு அடர்த்தி, விதைக்கும் காலம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தினார்கள்.

அப்போ எவ்வளவு, எப்போ, எப்படிப் போடணும்?

எவ்வளவு என்பதற்கு முதலில் மண் பரிசோதனை. மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் அது நல்ல வழிகாட்டி. தழைச்சத்து மண்ணில் வாராவாரம் மாறும், அதற்குப் பயிரைத்தான் கேட்க வேண்டும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது: முழுதாக விரிந்த இளம் இலையை, உங்கள் நிழலில் வைத்து, அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுங்கள். பத்து இலைகளில் பாதிக்கு மேல் குறிப்பிட்ட பட்டையைவிட வெளிறியிருந்தால் மட்டும் உரமிடுங்கள். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பேட்டரி, செயலி எதுவும் வேண்டாம்.

எப்போது என்றால், பயிர் கேட்கும்போது. நாற்று நட்ட புதிதில் வேர் சிறியது, அப்போது கொட்டும் யூரியாவில் பெரும்பகுதி வீண். அதே அளவை மூன்று நான்காகப் பிரித்துத் தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று கொடுத்தால் இழப்பு குறையும். பெருமழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப்போடுங்கள்.

எப்படி என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மேற்பரப்பில் தூவிய யூரியா, சூடான நாளில், களர்த்தன்மை உள்ள மண்ணில், கால்வாசிக்கும் மேல் அமோனியாவாகப் போய்விடக்கூடும். நெல் வயலில் இன்னும் மோசம்: பகலில் நீரிலுள்ள பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறுகிறது, அமோனியா பறக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டு யூரியா போட்டு மறுபடி நீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். யூரியா உருண்டைகளை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கும் முறையில் மூன்றில் ஒரு பங்கு வரை யூரியா மிச்சமாகும். வேலை கடினம் என்பதால்தான் பரவலாகவில்லை. மேட்டுநிலப் பயிர் என்றால் போட்டவுடன் மண் அணைப்பதோ, பாசனம் கொடுப்பதோ போதும். சொட்டு நீர் இருந்தால் அதன் வழியாகவே சிறுகச் சிறுகக் கொடுத்துவிடலாம்.

வேப்பெண்ணெய் பூசினது, பாலிமர் பூசினது எல்லாம் நிஜமாவே உதவுதா?

உதவும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. யூரியேஸ் நொதியை மட்டுப்படுத்தும் பொருட்கள் அமோனியா இழப்பைக் குறைக்கும். மண்ணிலுள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் பொருட்கள் நைட்ரஸ் ஆக்சைடையும் நைட்ரேட் இறக்கத்தையும் குறைக்கும். வேம்பு இரண்டாம் வகை. பாலிமர் அல்லது கந்தகம் பூசினால் உரம் மெதுவாகக் கரையும்.

இங்கேயும் பின்விளைவு உண்டு. டிசிடி என்ற நைட்ரேட் தடுப்பானின் சுவடு பாலில் தென்பட்டதால் 2013-இல் நியூசிலாந்தில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். பாலிமர் பூச்சு, உரம் கரைந்த பிறகு வெறும் ஓடாக, நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் மிஞ்சுகிறது. மக்கும் பூச்சாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

நானோ யூரியா ஒரு பாட்டில், ஒரு மூட்டைக்குச் சமமாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 சதவீதம் தழைச்சத்துள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது சுமார் 20 கிராம். 46 சதவீதம் உள்ள 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூட்டையில் பாதி வீணானாலும் பயிருக்குப் பத்துக் கிலோ போகிறது. இலைவழி ஊட்டத்துக்கு ஓர் இடம் உண்டு, பற்றாக்குறையைச் சட்டென்று சரிசெய்யலாம். ஆனால் தானியத்தில் உள்ள புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். மூட்டையை நிறுத்திவிட்டுப் பாட்டிலை மட்டும் நம்பினால், இந்தப் பருவத்தில் மண்ணில் இருந்த இருப்பைச் செலவழிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பயறு போட்டா யூரியா மிச்சமாகுமா? உயிர் உரம் வேலை செய்யுமா?

பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம், ஹேபர்-போஷ் வேலையைச் சாதாரண வெப்பத்தில், சூரிய ஒளியில் கிடைத்த சர்க்கரையைக் கொண்டு செய்கிறது. தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உரங்களை மடக்கி உழுதால் அடுத்த பயிருக்கான யூரியாவைக் கணிசமாகக் குறைக்கலாம். நெல்லுக்கு அசோலாவும் அப்படித்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பயறுக்கு யூரியாவை அள்ளி வைத்தால் செடி சும்மா கிடைப்பதை எடுத்துக்கொண்டு முடிச்சு கட்டுவதைக் குறைத்துவிடும்.

தானியங்களுக்கு அசோஸ்பைரில்லம் போன்றவை தரும் பலன் சிறியது, இடத்துக்கு இடம் மாறும். பாக்கெட்டில் உயிரோடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி, வெயிலில் கிடந்த பாக்கெட்டால் பயனில்லை.

தழைச்சத்தையே பேசுறீங்க. மணிச்சத்து, பொட்டாஷ்?

மணிச்சத்தின் கதை வேறு. அதைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது, பாறையைத்தான் வெட்ட வேண்டும். உலகின் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது, ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் ஐந்து டன் ஜிப்சம் கழிவாக மிஞ்சும். அதில் லேசான கதிரியக்கம் இருப்பதால் பெரும்பாலும் மலைபோல் குவித்து வைக்கிறார்கள். சில பாறைகளில் காட்மியம் அதிகம், அது உரம் வழியாக மண்ணுக்கு வரும்.

நீர்நிலையில் மணிச்சத்து என்ன செய்யும் என்பதை 1973-இல் கனடாவில் ஓர் ஏரியை நடுவே திரையிட்டுப் பிரித்துச் சோதித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும். அந்தப் பக்கம் முழுக்கப் பாசி படர்ந்து பச்சையானது.

இதற்கு நல்ல வழி மீட்பு. நாம் உண்ட மணிச்சத்து பெரும்பாலும் கழிவுநீருக்குத்தான் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மெக்னீசியம் சேர்த்தால் ஸ்ட்ருவைட் என்ற படிகமாகப் பிரித்து உரமாக்கலாம். பல ஆண்டுகள் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) இட்ட நிலங்களில் மணிச்சத்து இருப்பு சேர்ந்திருக்கும், மண் பரிசோதனையில் அதிகம் என்று வந்தால் சில பருவங்கள் இடாமலே விட்டுப் பார்க்கலாம். பொட்டாஷுக்குப் பெரிய தொல்லை சுரங்கத்தில் மிஞ்சும் உப்புக் கழிவுதான், வயலில் ஒப்பீட்டளவில் சாது.

நான் விவசாயி இல்லை. எனக்கு இதுல வேலை இருக்கா?

இருக்கிறது. உலகில் விளையும் உணவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2011 மதிப்பீடு. அதற்கு இட்ட உரமும் கூடவே வீண். கால்நடைத் தீவனமாகப் போகும் தானியத்திலும் தழைச்சத்தின் பெரும்பகுதி இறைச்சிக்கு வராமல் சாணத்துக்குப் போகிறது. மற்றபடி, மாடித் தோட்டத்தில் கைப்பிடி கைப்பிடியாக டிஏபி போடுபவர்கள் அதை நிறுத்தலாம்.

ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு கூடுதுன்னு சொல்றாங்க, உண்மையா?

உண்மை. தொகுத்ததில் கடினமான கேள்வியும் இதுதான். நைட்ரேட் தடுப்பான் சேர்த்தால் நைட்ரஸ் ஆக்சைடு குறையும், ஆனால் அம்மோனியம் அதிக நாள் மண்ணில் நிற்பதால் அமோனியா இழப்பு கூடலாம். ஆழத்தில் இட்டாலோ யூரியேஸ் தடுப்பானையும் சேர்த்தாலோ அதைச் சமாளிக்கலாம். நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் மீத்தேன் நன்றாகக் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் லாபம்தான், யூரியாவை அளவுக்கு மீறிப் போடும் வயலைத் தவிர.

அதனால் ஒரு வாயுவை மட்டும் காட்டி விற்கப்படும் தீர்வை நான் உடனே நம்புவதில்லை. எவ்வளவு தழைச்சத்து இட்டோம், அறுவடையில் எவ்வளவு எடுத்தோம் என்ற வித்தியாசத்தைப் பார்ப்பேன். டென்மார்க்கில் 1980-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு பண்ணையும் உரக் கணக்கு எழுதும்படி விதிகளை இறுக்கியதில் வயல்களிலிருந்து கசியும் நைட்ரஜன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த வித்தியாசம் சுருங்கினால் அமோனியா, நைட்ரேட், நைட்ரஸ் ஆக்சைடு மூன்றுக்கும் போவதற்குச் சரக்கே குறைகிறது. ஒரு பருவத்துக்கு இட்ட உரத்தையும் எடுத்த விளைச்சலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் உங்கள் நிலத்துக்கும் இதைப் போட்டுவிடலாம்.